பரோட்டா மாஸ்டருக்கு அட்வான்ஸ் 80,000 நிற்கிறது, சனி ஞாயிறு ஆள் வருவதில்லை. என்ன செய்வது?

கரூர்_கல்லா:

வணக்கம். கரூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி அசைவ ஹோட்டல் வைத்திருக்கிறோம். அப்பா ஆரம்பித்த கடை, இப்போது நான் பார்க்கிறேன், சாயந்தரம் மட்டும் அப்பா கல்லாவில் உட்காருவார். மதியம் சாப்பாடும் பிரியாணியும், ஐந்து மணிக்கு மேல் பரோட்டா, தோசை, சால்னா. ஆட்கள் மொத்தம் பதினொரு பேர். சமையல் பார்க்கும் சரக்கு மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், தோசை மாஸ்டர், சப்ளையர்கள் நான்கு பேர் (அதில் இருவர் ஒடிசாக்காரர்கள்), பார்சல் கட்ட ஒருவர், பாத்திரம் கழுவ இரண்டு அக்கா, இலை எடுக்க ஒரு பையன்.

பிரச்சினை பரோட்டா மாஸ்டர். கைவேலையில் குறை சொல்லவே முடியாது, அவர் இருக்கும் நாளில் பார்சலுக்கு ரோடு வரை ஆள் நிற்கும். நாள் சம்பளம் 1,100. சேரும்போது 30,000 அட்வான்ஸ் வாங்கினார், அப்புறம் வீட்டு வாடகை முன்பணம், பெண்ணுக்குக் காதுகுத்து, பைக் ரிப்பேர் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இப்போது 80,000. வாரம் ஆயிரம் பிடிப்பதாகப் பேச்சு. சம்பளம் எண்ணும்போது "இந்த வாரம் மட்டும் பிடிக்காதீங்க" என்பார், அப்பாவும் சரி போகட்டும் என்று முழுதாகக் கொடுத்துவிடுவார்.

இரண்டரை மணிக்கு மாவு பிசைந்தால்தான் ஐந்து மணிக்குக் கல்லில் போட முடியும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது அந்த நேரத்துக்கு போன் சுவிட்ச் ஆஃப். ஞாயிறும் சேர்த்துப் போய்விட்டால் திங்கட்கிழமை ஒன்றும் நடக்காததுபோல் வந்து மாவு மூட்டையைப் பிரிப்பார். கேட்டால் "அப்போ கணக்கை முடிங்க" என்கிறார். முடித்தால் 80,000 எங்கிருந்து வரும்? போதாததற்கு பைபாஸில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ஹோட்டலில் இவரைக் கூப்பிடுகிறார்களாம், இங்கே இருக்கும் அட்வான்ஸையும் அவர்களே கட்டிவிடுவார்களாம். உண்மையா, என்னை மிரட்டுவதற்குச் சொல்கிறாரா தெரியவில்லை.

இதைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். சப்ளையர் ஒருவர் அரை மணி நேரம் தாமதமாக வந்ததைக் கேட்டதற்கு, "மாஸ்டரைக் கேக்க மாட்டீங்க, எங்களை மட்டும் கேப்பீங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. "மாஸ்டர்னா அப்படித்தான், அனுசரிச்சுப் போகணும்" என்பது அப்பாவின் கட்சி. அனுப்பிவிடு என்பது மனைவியின் கட்சி. வேறு ஆள் கிடைத்தாலும் அவரும் முதல் நாளே அட்வான்ஸ்தான் கேட்பார். இதே தொழிலில் இருப்பவர்கள், பத்துப் பேரை வைத்து வேலை வாங்குபவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

---

கல்லில்_நின்றவன்:

தம்பி, நான் மாஸ்டராக இருந்து இப்போது திண்டுக்கல் பக்கம் சொந்தமாகச் சின்னக் கடை போட்டவன், அதனால் ரெண்டு பக்கமும் தெரியும். ஒரு கேள்வி. சாதாரண நாளில் எத்தனை கிலோ மாவு போடுகிறார், சனிக்கிழமை எத்தனை கிலோ? என் கணிப்பு, வார நாளில் இருபது கிலோ என்றால் சனி ஞாயிறு முப்பத்தைந்தைத் தொடும். கிலோவுக்கு இருபது பரோட்டா என்று வைத்தால் நானூறு போடுகிற ஆள் அன்றைக்கு எழுநூறு போடவேண்டும், சம்பளம் அதே 1,100. நீங்களே சொல்லுங்கள், லீவு போடுவதென்றால் எந்த நாளில் போடத் தோன்றும்?

முதலாளிமார் இதைக் கவனிப்பதே இல்லை. குடிக்கிறான், திமிர் பிடித்தவன் என்று முடித்துவிடுகிறார்கள். குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய்த் துணி போட்டு மூடி, அப்புறம் ராத்திரி பதினொரு மணி வரை வீசிக்கொண்டே, கல்லின் சூடு நேராக முகத்தில் அடிக்க நிற்பவனுக்குத் தோள்பட்டை ராத்திரி தூங்க விடாது. வாரத்துக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு இருக்கிறதா உங்கள் கடையில்? நீங்கள் எழுதவே இல்லை, அதனால் இல்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் கொடுக்காத லீவை அவரே எடுத்துக்கொள்கிறார், அவருக்கு வசதியான நாளில்.

நான் என் கடையில் வைத்திருக்கும் முறை இது. இருபது கிலோ வரைக்கும் நாள் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் முப்பது ரூபாய் தனி. சனிக்கிழமை முப்பத்தைந்து கிலோ ஓடினால் 450 கூடுதலாகக் கையில் வரும், அதை அன்றைக்கு ராத்திரியே கொடுத்துவிடுவேன், வாரக் கணக்கில் சேர்ப்பதில்லை. செவ்வாய்க்கிழமை சம்பளத்தோடு லீவு. இப்போது சனிக்கிழமை லீவு கேட்டு யாரும் வருவதில்லை, தீபாவளி வாரத்தில் "இன்னும் ரெண்டு கிலோ பிசையட்டுமா" என்று அவர்களே கேட்கிறார்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். உங்கள் கடையில் பரோட்டா என்பது ஒரே ஆளின் கையில் இருக்கிறது. அதை உடைக்கவேண்டும். மாவு பிசைய மெஷின் வாங்கிப் போடுங்கள், வேலையில் முதுகை ஒடிப்பது அதுதான். மெஷின் வந்துவிட்டால் பிசைவதைத் தோசை மாஸ்டரே பார்த்துவிடுவார், இவர் நாலரைக்கு வந்தால் போதும். உருண்டை பிடிக்க, கல்லில் திருப்பிப் போட, அடித்து எடுக்க ஒரு பையனைப் பக்கத்தில் நிறுத்துங்கள். வீச்சு கடைசியாக வரும், கை பழகவேண்டும். மாஸ்டர் சுலபத்தில் சொல்லிக்கொடுக்க மாட்டார், சொல்லிக்கொடுத்தால் நாளைக்குத் தன் இடத்தில் இவன் நிற்பான் என்று பயம். அந்தப் பயத்தில் தப்பே இல்லை. அதனால் அதற்கும் காசு பேசுங்கள், பையன் தனியாக ஐந்து கிலோ போடும் அன்றைக்கு மாஸ்டர் கணக்கில் ஐயாயிரம் கழியும் என்று சொல்லிப் பாருங்கள். அட்வான்ஸ் குறையும், கடையில் ரெண்டாவது கையும் தயாராகும்.

---

ரெண்டு_கிளை:

மேலே அண்ணன் எழுதியது நல்ல மாஸ்டருக்குப் பொருந்தும். போனை அணைத்து வைக்கிறவனுக்குப் பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம். வரமுடியாது என்றால் காலையிலேயே ஒரு போன் போட்டுச் சொல்ல என்ன கஷ்டம்?

கரூர்க்காரரே, நீங்கள் ஒன்றைக் கவனிக்கவே இல்லை. பைபாஸ் ஹோட்டல்காரன் அட்வான்ஸைக் கட்டிவிட்டு ஆளைக் கூட்டிப்போகிறேன் என்றால் அது உங்களுக்கு நல்ல செய்தி! 80,000 முழுதாகத் திரும்பிவர இதைவிட வேறு வழி கிடையாது. வாரம் ஆயிரம் பிடித்தாலே எண்பது வாரம், நீங்கள் அதையும் பிடிப்பதில்லை. போய் அந்த முதலாளியிடம் நேரில் பேசுங்கள், பணத்தை ஜிபேயில் போடச் சொல்லுங்கள், மாஸ்டருக்கு ஒரு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து மரியாதையாக அனுப்புங்கள். மிரட்டலாக இருந்தால் அதுவும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஒரு மாதம் பரோட்டா வியாபாரம் அடிபடும், படட்டும். தோசை, இட்லி, சப்பாத்தி என்று ஓட்டுங்கள். புது மாஸ்டர் வந்தால் ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல் அட்வான்ஸ் கிடையாது. அப்படி ஒருவரும் வரமாட்டார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். வருவார்கள், நாள் சம்பளம் ஊரில் ஓடுவதைவிட நூறு ரூபாய் கூட இருந்தால் வருவார்கள். அட்வான்ஸுக்காக வருகிறவன் அடுத்த அட்வான்ஸுக்காகப் போவான், அவ்வளவுதான் கணக்கு.

---

கணக்குப்பிள்ளை:

நான் சின்னக் கடைகளுக்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வேலை பார்த்துக் கொடுக்கிறேன். சட்டப் பக்கம் சிலது சொல்லிவிடுகிறேன், யாரும் தொடவில்லை.

முதலில் அட்வான்ஸ். "கடன் தீரும்வரை வேறு எங்கும் வேலைக்குப் போகக்கூடாது" என்று எழுதி வாங்குவது, எழுதாத பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது, அசல் ஆதாரைக் கல்லாவில் பூட்டி வைப்பது, இதெல்லாம் பல ஹோட்டல்களில் சாதாரணமாக நடக்கிறது. 1976ஆம் வருடத்துக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். முன்பணத்துக்காக ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் கட்டி வைப்பது அதற்குள் வந்துவிடும், மூன்று வருடம் வரை சிறை. அதோடு அந்தக் கடனும் செல்லாததாகிவிடும், அதாவது 80,000 போகும், கோட்டாட்சியர் விசாரணைக்கும் நடக்கவேண்டும். பணம் கொடுத்த தேதி, தொகை, அவர் கையெழுத்து, இவ்வளவும் உள்ள வவுச்சர் போதும், வட்டி போடாதீர்கள். பிடித்தம் எல்லாம் சேர்த்து அந்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. அவர் ஒரேயடியாகக் கணக்கை முடிக்கச் சொன்னால் அவருக்குச் சேரவேண்டிய சம்பளத்தை இழுத்தடிக்கவும் முடியாது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. அவர்களாகவே நின்றாலும் நாம் நிறுத்தினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கைத் தீர்க்கவேண்டும் என்பது அதில் இருக்கிறது.

இரண்டாவது, நீங்கள் கேட்காத விஷயம். பதினொரு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், பத்துப் பேர் ஆனாலே இஎஸ்ஐ வந்துவிடும், பதிவு செய்திருக்கிறீர்களா? மாதம் 21,000 வரை வாங்குபவர்களுக்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. பதினைந்தாயிரம் வாங்கும் சப்ளையருக்கு நீங்கள் கட்டுவது 487 ரூபாய் 50 காசு, அவரிடம் பிடிப்பது 112 ரூபாய் 50 காசு. ஹோட்டல் அடுப்படியில் கொதிக்கிற சால்னா அண்டா சரிந்தால் ஆஸ்பத்திரிச் செலவு என்ன ஆகும் என்று யோசித்தால் இது ஒன்றுமே இல்லை. வேலையில் ஏற்படும் காயத்துக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. உங்கள் பரோட்டா மாஸ்டர் 26 நாள் வந்தால் 28,600 ஆகிறது, அதனால் அவர் 21,000 வரம்புக்கு வெளியே. எண்ணிக்கையில் அவரும் ஒருவர், ஆனால் காப்பீடு அவருக்கு இல்லை. அவர் கையைச் சுட்டுக்கொண்டால் இழப்பீடு உங்கள் பொறுப்பு. அவருக்கு மட்டும் தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்து வையுங்கள்.

பிஎஃப் கட்டாயம் ஆவது இருபது பேருக்கு. போனஸ் சட்டமும் இருபது பேருக்குத்தான், குறைந்தது 8.33 சதவீதம். ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பளம் என்று வழக்கமாகச் சொல்வது இதைத்தான். உங்களைச் சட்டம் கட்டாயப்படுத்தாது, ஆனால் தீபாவளிக்குக் கொடுக்காமல் நம் ஊரில் கடை நடத்த முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

---

பின்னலாடை_அக்கா:

நான் திருப்பூரில் ஜாப் ஒர்க் தையல் யூனிட் நடத்துகிறேன், ஹோட்டல் எனக்குத் தெரியாது. ஆனால் ஆள் பிரச்சினை எல்லாம் ஒன்றுதான். எல்லாரும் மாஸ்டரைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்குக் கண்ணில் பட்டது அந்தச் சப்ளையர் தம்பி சொன்ன வார்த்தை. மாஸ்டர் போனால் வேறு மாஸ்டர். மற்ற பத்துப் பேரும் "இங்கே ஆளுக்கொரு நியாயம்" என்று மனதில் முடிவு கட்டிவிட்டால் அதைச் சரிசெய்வது கஷ்டம்.

எங்கள் யூனிட்டில் அட்வான்ஸுக்கு ஒரு நோட்டு, அதில் எல்லாருக்கும் ஒரே கணக்கு. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கிடையாது, பழையது தீராமல் புதியது கிடையாது, ஓவர்லாக் டெய்லராக இருந்தாலும் செக்கிங் பெண்ணாக இருந்தாலும் இதேதான். பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி என்றால் மட்டும் கூடக் கொடுப்பேன், அதையும் கையில் கொடுக்காமல் பள்ளிக்கே கட்டிவிடுவேன். யாருக்காக விதியைத் தளர்த்தினேன் என்று மறுநாளே எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஒரே கூரைக்கு அடியில் எந்த ரகசியமும் நிற்காது. இன்னொன்று தம்பி, கோபித்துக்கொள்ளாதே, அப்பா ஒன்று சொல்லி நீ ஒன்று சொல்லும்வரை இது எதுவும் நடக்காது. சம்பளம் எண்ணிக் கொடுப்பது ஒரே ஆளாக இருக்கட்டும். அப்பாவிடம் மரியாதையாகச் சொல்லிவிடு, கல்லா அவருடையது, சம்பளக் கவர் உன்னுடையது என்று.

லீவு விஷயத்தில் எனக்கு உதவியது, வருடத்தை முன்கூட்டியே பார்த்துவிடுவது. உங்களுக்குப் புரட்டாசியில் அசைவம் படுத்துவிடுமே, கார்த்திகை மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் வேறு. அந்த நாட்களில் ஆளுக்கு நான்கைந்து நாள் சம்பளத்தோடு முறைவைத்து ஊருக்கு அனுப்பலாம், சனிக்கிழமை வியாபாரத்தில் கை வைக்கவேண்டாம் என்று அப்போது தைரியமாகச் சொல்ல முடியும். ஒடிசாப் பையன்களுக்கு ஜூன் நடுவில் ரஜ பண்டிகை வரும், பிறகு ரத யாத்திரை. அவர்களுக்கு ஒருநாள் லீவு ஒன்றுக்கும் ஆகாது, ரயிலிலேயே போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை சேர்த்து மூன்று வாரம் கொடுங்கள், டிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள், திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்து.

---

ரெண்டு_கிளை:

அக்கா சொன்னதில் ஒரு திருத்தம். டிக்கெட்டோடு நிறுத்தக்கூடாது. தீபாவளி போனஸில் பாதியை முன்னால் கொடுத்து, பாதியைத் திரும்பி வந்து வேலையில் நின்ற பிறகு கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் போனவர்கள் பொங்கல் வரை போனை எடுக்க மாட்டார்கள்.

---

பின்னலாடை_அக்கா:

அதை எங்கள் தெருவில் ஒருவர் செய்தார். அந்த வருடம் பாதி வாங்கிக்கொண்டு போனவர்களில் பலர் வரவே இல்லை, மீதிப் பாதியை முதலாளி எப்படியும் தரமாட்டார் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். பண்டிகைக்குத் துணி எடுக்கத்தான் போனஸ், அதைத் தை மாதம் கொடுத்து என்ன பிரயோஜனம்? வேண்டுமானால் போனஸை முழுதாகக் கொடுத்துவிட்டு, பொங்கலுக்கு முன்னால் வந்து நிற்பவர்களுக்குத் தனியாக ஒரு தொகை அறிவியுங்கள்.

---

கரூர்_கல்லா:

எல்லாருக்கும் நன்றி. அண்ணன் கேட்டதற்குப் பதில், வார நாளில் பதினெட்டு முதல் இருபது கிலோ, சனிக்கிழமை முப்பத்திரண்டு வரை போயிருக்கிறது. சம்பளத்தோடு லீவு கிடையாது, அப்பா காலத்திலிருந்தே வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதுதான் வழக்கம். நேற்று ராத்திரி கடை சாத்தியபிறகு மாஸ்டரை உட்காரவைத்து, அண்ணன் சொன்ன கிலோ கணக்கைப் பேசினேன். முதலில் நம்பவில்லை, "எழுதிக் குடுப்பீங்களா" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். பையனுக்குப் பழக்கிவிடும் பேச்சை எடுத்ததும் முகம் மாறிவிட்டது, அதைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். பைபாஸ் ஹோட்டல் உண்மைதானாம், ஆனால் அவர்கள் ஐம்பதாயிரம்வரைதான் கட்டுவதாகச் சொன்னார்களாம்.

கணக்குப்பிள்ளை சார், இஎஸ்ஐ பதிவு செய்யவில்லை. அப்பாவும், காலையில் காய் நறுக்க உதவும் என் மனைவியும் அந்தப் பத்துப் பேர் கணக்கில் வருவார்களா? பாத்திரம் கழுவும் அக்காக்கள் இருவருக்கும் தினக்கூலிதான், அவர்கள்?

---

கல்லில்_நின்றவன்:

எழுதிக் கேட்டார் என்றால் இருக்கத்தான் நினைக்கிறார் தம்பி. போகிறவன் எழுதிக் கேட்கமாட்டான். பையன் விஷயத்தை அவரிடம் பேச்சாகக் கொண்டுபோகாதீர்கள், அடுத்த சனிக்கிழமை அவரே "உருண்டை பிடிக்க ஒரு கை வேணும்" என்பார், அன்றைக்கு நிறுத்துங்கள்.

---

கணக்குப்பிள்ளை:

சம்பளம் வாங்காத குடும்பத்தார் கணக்கில் வரமாட்டார்கள். தினக்கூலி வருவார்கள், அக்காக்கள் இருவரும் சேர்த்தி, அதனால் உங்களுக்குப் பதினொன்றுதான். பத்தைத் தொட்ட பதினைந்து நாளுக்குள் ஆன்லைனில் பதிவு செய்திருக்கவேண்டும், தள்ளிப்போடாமல் இந்த வாரமே போடுங்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பணம் கட்டவேண்டும். எல்லாருடைய ஆதார் நகல், வங்கிக் கணக்கு, குடும்பத்தார் பெயர் வாங்கி வையுங்கள். இலை எடுக்கும் பையன் என்று எழுதியிருந்தீர்கள், அவனுக்கு வயது என்ன?

---

கரூர்_கல்லா:

பத்தொன்பது சார். ஆதார் பார்த்துத்தான் சேர்த்தோம், அசல் எங்களிடம்தான் இருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை:

நகல் எடுத்துக்கொண்டு அசலை இன்றைக்கே அவனிடம் கொடுத்துவிடுங்கள். வேறு யாருடையதாவது இருந்தால் அதையும்.